பூச்சியம் புள்ளி எட்டு

வால்டிவியாவில் ஜூன் முழுக்க மழை.
தகரக் கூரைக்குக் கீழே
களிமண்ணைப் பற்றிப் பேசுகிறேன்.
மேசைமேல் ஓர் ஒலிவாங்கி, கட்டைவிரல் உயரம்.
புள்ளியியல் துறை ரொமினா ஒயார்சோ வைத்தது.
'மண்ணையே எத்தனை நாள் அளப்பாய்,
ஒருமுறை உன்னை அளந்து பாரேன்.'

பருவம் முடிந்ததும்
முப்பத்தொரு மணி நேரப் பேச்சு எழுத்தாகி வந்தது.
மென்பொருளுக்கு நான் பேசுபவர் ஒன்று.
மழை, பேசுபவர் இரண்டு, தெளிவில்லை.
மாணவர்களுக்கு மூன்றிலிருந்து எண்கள்.
அவர்கள் எல்லோரையும்விட
மழை அதிகம் பேசியிருந்தது.

'எளிதுதான்': இருநூற்றுப் பதினான்கு முறை.
சொன்ன ஞாபகமே இல்லை.
'புரிகிறதா?': முந்நூற்று நாற்பது.
கேட்டுவிட்டு நான் காத்திருந்தது, சராசரியாக,
பூச்சியம் புள்ளி எட்டு நொடி.

ரொமினா சிரிக்கவில்லை.
'லிஃப்டுக்கே இதைவிட அதிகம் நிற்பாயே' என்றாள்.

ஏழாம் வாரம், இருபத்தேழாம் நிமிடம்.
நீர் ஊறிய களிமண்மேல்
பாரத்தை அவசரப்பட்டு ஏற்றக் கூடாது,
உள்ளிருக்கும் நீர் வெளியேற நேரம் வேண்டும்,
தராவிட்டால் கரை சரியும் என்று
மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறேன்.
புரிகிறதா?
அடைப்புக்குறிக்குள் மென்பொருள் எழுதியிருக்கிறது: மூச்சு.
அடுத்த வரியில் மறுபடி நான்.

ஹெட்ஃபோனில் நான்கு முறை கேட்டேன்.
பேச வாயெடுத்தவர் இழுக்கும் மூச்சு.
மூன்றாம் வரிசை, ஜன்னலோரம்.
கத்ரிலேயோ என்று நினைக்கிறேன்.
ஜூலையோடு நின்றுவிட்டவன்,
புவேர்த்தோ மோன்ட்டில் சால்மன் பண்ணையில் இருக்கிறானாம்.
அந்த மூச்சால்தான் என்று எந்தக் கணக்கும் சொல்லாது.
ரொமினாவிடம் கேட்கவும் கேட்டேன்.
ஒரே ஒரு தரவுப் புள்ளி, என்றாள்.

மார்ச். புது முகங்கள்.
பேசுபவர் இரண்டு இன்னும் வரவில்லை.
இப்போது 'புரிகிறதா' இல்லை.
'இந்த நீர் எந்தப் பக்கம் போகும்?'
கேட்டுவிட்டு மனசுக்குள் எண்ணுகிறேன்.
மூன்றில் உள்ளங்கை வியர்க்கிறது.
ஐந்தில், ஆற்றங்கரை மீன் சந்தையிலிருந்து
ஒரு கடற்சிங்கம் குரைக்கிறது, சிரிப்பு.
சிரிப்பு அடங்க, திரும்ப ஒன்றிலிருந்து.
ஒன்பதில் கடைசி வரிசைப் பெண்,
பெயர் இன்னும் தெரியாது,
'போக வழியே இல்லையென்றால்?' என்கிறாள்.
பாதி பதில்தான் இருந்தது என்னிடம்.
அதையும் சொன்னேன்.

மாலையில் மென்பொருள் கேட்கிறது:
ஒலியற்ற பகுதிகள் உள்ளன. நீக்கவா?
இல்லை.
அந்த ஒன்பது நொடியை மட்டும் ஓடவிடுகிறேன்.
யாரோ பேனா மூடியைக்
கழற்றுகிறார்கள், மூடுகிறார்கள்,
கழற்றுகிறார்கள்.