இரண்டாம் லைன்

பம்பலப்பிட்டியில் ரயில் நின்றபோது
தொடையில் என்னவோ குத்தியது.
கை விட்டுப் பார்த்தேன்:
சிவப்புப் பூட்டின் சாவி.
அதற்குள் போனும் அடித்தது.
"நங்கி, யதுர கோ?"
இந்துனில் அய்யாவின் குரலுக்குப் பின்னால்
ஒரு சத்தமும் இல்லை.
பிஸ்கட் பெக்டரியில் சத்தம் இல்லாதது
காலிமுகத்திடலில் கடல் கேட்காதது மாதிரி.

மருதானையில்,
கல்லூரி தொடங்கிய மூன்றாம் வாரமே
பூட்டுக் கொடுத்துவிட்டார்கள்.
ஆளுக்கு ஒன்று. சாவியும் ஒன்று. மறுசாவி இல்லை.
மெஷினுக்குள் கை வைக்க முன்
மெயின் சுவிட்சில் உன் பூட்டைப் போடு,
உன் கை உள்ளே இருக்குமட்டும்
முதலாளியே வந்தாலும் திறக்கக் கூடாது.
மூன்று மொழியிலும் எழுதி ஒட்டியிருந்தது.
தமிழில் 'பூடடு'.
பஸ்லான் கதிரையில் ஏறிப்
பேனாவால் ஒரு புள்ளி வைத்தான்.

பிறகு படித்ததெல்லாம்
அந்தப் புள்ளியைவிடச் சின்னது.
இரண்டு தண்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா?
மில்லிமீற்றரில் இருபதில் ஒரு பங்கு
விலகினாலும் பேரிங் பேசத் தொடங்கும்.
ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதில் வைத்துப்
பிடியைக் காதோடு அழுத்தினால்
கிரீஸ் குறைந்தது அழுவது கேட்கும்.
கூடினாலும் பிழை, சூடேறிச் சாகும்.
ஒரு கால் மட்டும் தரையில் படாத மோட்டரை
அப்படியே முறுக்கிவிட்டால்
உடம்பு கோணும் என்றார்கள்.
போடிங்கில் என் மேசைக்கும் அதே வருத்தம்.
மடித்த வினாத்தாளை எடுத்துவிட்டு
அளந்து ஒரு தகடு வைத்தேன்.
தேத்தண்ணீர் இப்போது சிந்துவதில்லை.

சப்பாத்து மட்டும் என் அளவில் வரவேயில்லை.
இரண்டு சோடி சொக்ஸ் போட்டு நடக்கிறேன்.

பயிற்சிக்கு இரத்மலானை.
நான்கு மாதமாகப் பதிவேட்டில் என் கையெழுத்து:
குறை இல்லை. குறை இல்லை. குறை இல்லை.
நடக்காமல் போனதை எழுதுகிற வேலை இது.
யாரும் வாசிப்பதில்லை.

இன்றைக்கு இரண்டாம் லைனில்
கொன்வேயர் உருளை மாற்றினோம்.
முடிந்ததும் எல்லோரும்
தங்கள் பூட்டைக் கழற்றினார்கள்.
நான் ஐந்து நாற்பது ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

திரும்பிப் போக
த்ரீவீல்காரன் கேட்டது ஒரு கிழமைச் சாப்பாட்டுக் காசு.
வெள்ளவத்தையில் நெரிசல், தெஹிவளையில் அதைவிட.
சாவியைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தேன்,
வியர்வையில் இரும்பு மணத்தது.

வெள்ளைத் தொப்பியோடு எண்பது பேர்
பெல்டின் இரு பக்கமும் குந்தியிருந்தார்கள்.
பிசைந்த மா தட்டில் கிடந்து காய்ந்தது.
பேனலுக்குப் பக்கத்து மேசையில்
பூட்டு வெட்டும் பெரிய கத்தரி.
யாரும் தொட்டிருக்கவில்லை.

"போன் எடுக்க முதல்," என்றார் இந்துனில் அய்யா,
"டோர்ச் அடித்து உள்ளுக்குள் தேடினோம்.
உருளைக்குக் கீழே, அவனுக்குப் பின்னால்.
உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம்."

பேச்சு வாங்க ஆயத்தமாக வந்தவளுக்கு
தொண்டை அடைத்தது அங்கேதான்.
பேச்சும் பிறகு கிடைத்தது, தாராளமாக,
இரண்டு மொழியில்.

சாவியைத் திருப்பினேன்.
லைன் ஒருமுறை இருமி ஓடத் தொடங்கியது.
பேரிங்கில் காது வைத்தேன். நல்ல சத்தம்.

பதிவேட்டில் எழுதினேன்:
நிறுத்தம் ஐம்பத்திரண்டு நிமிடம்.
காரணம் என்ற கட்டத்துக்குள்
டெல்சியா.
ல் மேல் புள்ளியை அழுத்தி வைத்தேன்.

எட்டு மணி ரயிலில்
மடியில் ஒரு பை உடைந்த பிஸ்கட்,
யாரோ தொப்பிக்காரி திணித்தது.
தெஹிவளை வந்ததும் பொக்கெற்றைத் தடவினேன்.
வெள்ளவத்தையிலும்.
வெறும் துணிதான்.