நான்கு ஓம் என்று எழுதியிருந்தது

வால்துர் ஏலத்தில் எடுத்துவந்தான்,
கதவளவு உயரம், இரண்டு.
பார்னுவில் மூடிப்போன ஒரு நாட்டியப் பள்ளியில்
பதினாறு வருஷம் சுவரோரம் நின்றவை.
எங்கள் வீடு தார்த்துவில், மரவீடு, மாடிப் பகுதி.
படுக்கையறைக் கதவை இனி முழுசாய்த் திறக்க முடியாது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மார்ச் மாதம். பனி இன்னும் கூரையைவிட்டு
இறங்க மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்பலகையில் நான்கு ஓம் என்று எழுதியிருந்தது.
மந்திரமில்லை, மின்தடை.
அதுவும் பாதிப் பொய்:
தாழ்ந்த சுரம் வந்தால்
இரண்டுக்கும் கீழே சரிந்துவிடும்,
சரியச் சரிய
கரண்டு கொடு, இன்னும் கொடு என்று கேட்கும்.

எங்களிடம் இருந்தது
இருபத்தைந்து வாட் ஆம்ப்ளிஃபயர்,
என் சம்பளத்தில் வாங்கியது.
ஆர்கன் இசைத்தட்டை வைத்தான்.
முதல் ஆழ்ந்த சுரம் தரையைத் தொடுமுன்
உள்ளே டக்கென்றது ரிலே.
மறுபடி போட்டான். டக்.
குருவி தலையில் பனங்காய்;
குருவி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.
புத்திசாலிக் குருவி.

வால்துர் அந்த ரிலேயைத் தாண்டி
ஒரு சிவப்பு ஒயரை இழுத்துப் பற்றவைத்தான்.

என் நாற்பத்தொன்பதாவது பிறந்தநாள்.
எட்டுப் பேர், ஹெர்ரிங் மீன், உருளைக்கிழங்கு சாலட்.
சேர்ந்திசை வேண்டும் என்றாள் என் தங்கை லீவி,
இன்னும் சத்தமாய் என்றாள்.
குமிழ் திரும்பியது,
திரும்ப இடமில்லாத வரைக்கும்.

நான் ரொட்டி சுடுகிறவள். எனக்குத் தெரியும்,
அடுப்பின் கூரை தாழ்ந்திருந்தால்
கறுப்பு ரொட்டி உப்பி எழுந்து முட்டி
தலை சப்பையாகும், சப்பையான இடம் கருகும்.
அலைக்கும் அதுதான் நடந்தது.
ஒரு நாற்றம், மயிர் பொசுங்கியதுபோல.
இடப்பக்க சோப்ரானோக்கள்
பாதி வரியில் எழுந்துபோனார்கள்.
மீதிப் பாட்டை ஆண்களே முடித்தார்கள்.

சின்னதுதானே, என்ன கெடுதல் செய்துவிடும்
என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.
முடியாதது முடிந்த மாதிரி கத்தியதில்
செத்தது விரல்நுனி அகலமுள்ள
ஒரு பட்டுக் குமிழ்.

புது ட்வீட்டர் வர மூன்று வாரம்.
அதற்குள் அவன் ரீகா போய்வந்தான்,
நாற்பத்தெட்டுக் கிலோ இரும்போடு.
கீழ்வீட்டு தீத் ஒரு பக்கம் பிடித்தான்.
ஏழாம் படியில் நின்று மூச்சுவாங்கி,
இதில் வீட்டையும் சூடாக்கலாமா என்று கேட்டான்.
எட்டு ஓமில் நூற்றைம்பது வாட்,
நான்கில் முந்நூறு, இரண்டில் அறுநூறு,
பாரம் ஏற ஏற முனகாமல் இரட்டிக்கும்
என்றான் வால்துர், பெருமையாக, முதுகைப் பிடித்துக்கொண்டு.

போட்டான்.
வீட்டு ஃபியூஸ் போனது.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் வேறு ஃபியூஸ்.

பிறகு ஒரு பெண் பாட ஆரம்பித்தாள்.
இல்லை, பாடுமுன் மூச்சிழுத்தாள்,
நாக்கு அண்ணத்தைவிட்டுப் பிரிந்த ஈரச் சத்தம்கூட.
முகப்பில் இரண்டு ஊசிகள்.
ஒரு வாட்டுக்கும் கீழே படுத்துக் கிடந்தன.
இதற்கா ரீகா போனாய் என்றேன்.
ஒரு விரலைத் தூக்கினான், பொறு என்று.

முரசில் ஒரே அடி.
ஊசி இருநூற்றைத் தாண்டிக் குதித்து
நான் கோப்பையை வைப்பதற்குள் திரும்பிப் படுத்துக்கொண்டது.
தேநீரில் ஒரு வட்டம்.
கீழே தீத்தின் நாய் ஒருமுறை குரைத்து,
யோசித்து, நிறுத்தியது.

பொசுங்கிய ட்வீட்டர் என் பொத்தான் டப்பாவில் இருக்கிறது.
சிவப்பு ஒயரும் அங்கேதான்.
அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.