எண்பது வெள்ளிப் பந்து

புதன் இரவு. குளியலறையில்
சிவப்பு வாளி நிறையச் சுடுநீர்.
கொதிக்கக் கூடாது, கை பொறுக்கும் சூடு போதும்.
மீறினால் விரிசல் விடும் என்று
கடைக்காரர் போ ஹுவாட்
இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

மூன்று விரல் குழிகளுக்கும் டேப் ஒட்டி,
பாத்திரச் சோப்பு நான்கு சொட்டு விட்டு
மெல்ல இறக்குகிறேன்.
பன்னிரண்டு பவுண்டுக்குக் கீழே என்றால் மிதக்குமாம்.
இது பதினான்கு.
நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

கதவுக்கு வெளியே இளம்பரிதி:
"எனக்கு ஒரு நாளாவது
தண்ணி சுட வச்சுக் குடுத்திருக்கியா?"

பதில் சொல்ல நேரமில்லை.
பந்து வியர்க்கத் தொடங்கிவிட்டது.

கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதற்கு, மேலெங்கும்.
லேனில் பூசிய எண்ணெயை
உருளும்போதெல்லாம் கொஞ்சம் குடித்துவிட்டு வரும்.
குடி மிஞ்சினால் வளையாது.
நேராகப் போய் ஓரத்தில் இரண்டு பின்னைத் தட்டிவிட்டு
தெரியாதவர் வீட்டு மணியை அடித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி
திரும்பி வரும்.

நீர்மேல் எண்ணெய் ஏடு கட்டுகிறது.
வானவில் என்று சொல்ல வாய் வந்தது.
வேண்டாம். பழைய எண்ணெய், அவ்வளவுதான்.
ஆனால் இதில் என்னுடையது எவ்வளவு?

ஏனென்றால் பந்து எனக்கு முன்பே வேறொருவருடையது.
எண்பது வெள்ளி.
அவருடைய விரல் குழிகளைப் பிசின் ஊற்றி அடைத்து
என் கைக்கு அளந்து புதிதாகத் துளைத்தார் போ ஹுவாட்.
அடைத்த இடங்கள் கருநீலத்தில் வெளிறி
அம்மைத் தழும்பாய் நிற்கின்றன.
பக்கத்தில் பொறித்த பெயர்:
டெஸ்மண்ட்.

இனித் தேய்ப்பு.
பழைய துண்டை முறுக்கிப் பிரிமணை செய்து
மேலே தூக்கி வைக்கிறேன்.
ஜூரோங்கில் பகலெல்லாம்
இறக்குமதிப் பட்டியல் சரிபார்த்த மணிக்கட்டு
இப்போதே முணுமுணுக்கிறது.
முதலில் ஐந்நூறாம் எண் தாள், தண்ணீர் தெளித்து.
முகம் தெரிந்த பந்து
சாம்பல் பூத்துப்போகிறது.
கால் சுற்றுத் திருப்பி மறுபக்கம்.
அடுத்து ஆயிரம்.
அடுத்து இரண்டாயிரம்.
நாலாயிரத்துக்குப் போகவில்லை,
புக்கித் பாத்தோக்கில் இந்த மாதம் எண்ணெய் அதிகம்.
மினுக்கினால் கடைசிவரை சறுக்கிக்கொண்டே போகும்.
"ஷைன் எதுக்கு லா? கல்யாணத்துக்கா கொண்டு போறே?"
அதுவும் போ ஹுவாட்தான்.

பெயர் மட்டும் போகவில்லை.
எழுத்துப் பள்ளங்களில் தேய்ப்புத்தூள் வெள்ளையாகப் படிந்து
டெஸ்மண்ட் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார்.
ஊசி எடுத்துச் சுரண்டலாமா என்று யோசித்தேன்.
மணி பன்னிரண்டு. படுத்துவிட்டேன்.

வியாழன், லீக்.
பதினேழாம் லேன், இரண்டாவது ஆட்டம்.
பந்து திரும்பி மேலே வந்து நின்றதும்
பக்கத்து லேன்காரர் குனிந்தார்,
மணிக்கட்டில் பட்டை, காதோரம் நரை.
"இது என் பெயர்."
"எண்பது வெள்ளி கொடுத்தேன்," என்றேன்,
திருட்டுப்பொருள் பிடிபட்ட குரலில்.
சிரித்தார்.
"எனக்குக் கொடுத்தது நாற்பது."
பிறகு உள்ளங்கையால் அதைத் தடவி,
"என்ன செய்தாய் இதை?"
சொன்னேன்: வாளி, சோப்பு, தாள்.
"ஆறு வருஷம். ஒரு தடவைகூடக் கழுவினதில்லை."

அப்படியானால் வாளியில் மிதந்தது
பெரும்பாலும் அவர்தான்.

விட்டுப்பார்க்கலாமா என்று கேட்டார்.
கட்டைவிரல் முதல் கணுவிலேயே சிக்கியது.
உருவி எடுத்து, உதறி,
"சரி, நீயே போடு" என்று தள்ளி நின்றார்.

போட்டேன்.
எண்ணெய் முடியும் இடம்வரை சாதுவாகப் போய்
அங்கே திடீரென்று ஏதோ நினைவு வந்ததுபோல்
உள்ளே திரும்பியது.
ஒன்பது பின்கள் சடசடவென்று விழுந்தன.
பத்தாவது, மூலையில்,
ஆடியது. ஆடி, நின்றுகொண்டது.

"ஆமாம்," என்றார் டெஸ்மண்ட்
வெகு திருப்தியாக,
"என்னிடமும் அது அப்படித்தான் செய்யும்."