ஏழாம் சானல்

ஆவணி முகூர்த்தம். காங்கேயம்,
தாராபுரம் ரோட்டு மண்டபம், மேல்மாடி.
மணி ஐந்தேகால்.
குடையை விரித்து, ஸ்டாண்டின் காலில்
மணல்மூட்டை கட்டி,
பூபதி கட்டைவிரல் காட்டுகிறான்.
அழுத்துகிறேன்.
மணப்பெண் இருட்டில் சிரிக்கிறாள்.

முதலில் செல். நாலையும் உருவிப் பார்த்தாயிற்று,
ஒன்றும் தலைகீழாய்க் கிடக்கவில்லை.
அடுத்து, கேமரா உச்சியில் ட்ரிகர் உட்காரும் இடம்.
வேட்டி நுனியால் துடைத்தேன்.
பித்தளைப் புள்ளியில்
போன கல்யாணத்துச் சந்தனம்.
ஷட்டரை இருநூறுக்கு இறக்கினேன்,
ஐந்நூறில் விட்டால் பாதிப் படத்துக்குக்
கறுப்புச் சேலை கட்டிவிடும்.
பிளாஷ் தூங்கிவிட்டதோ என்று
பூபதி அதன் கன்னத்தில் தட்டினான்.
இல்லை. சிவப்புக் கண் முழித்தபடிதான் இருந்தது.

பிறகுதான் அது.
அருமைக்காரர் அருகம்புல்லை எடுக்கக் குனிகிறார்,
என் விரல் பொத்தானில் இல்லை,
பளீரென்று ஒரு வெட்டு.
மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு
"சொல்லீட்டு எடுங்ணா" என்றார்.
நான் எடுக்கவே இல்லை.
இன்னொரு வெட்டு.
இன்னொன்று.
மறுபடி மின்னேற அதற்கு நாலு விநாடி வேண்டும்.
எவனோ அழுத்தி அழுத்திக் காலி செய்ய,
நான் அழுத்தும்போது
அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

"பேயில்லீங்ணா," என்றான் பூபதி,
ஜன்னலில் எட்டிப் பார்த்து.
"கீழ காதுகுத்து."

இறங்கினேன்.
மொட்டையில் சந்தனம் காயாத ஒரு பையன்
மாமன் மடியில் திமிறுகிறான்.
ஆசாரி கம்பியை விரலிடுக்கில் ஒளித்துவைத்துக்கொண்டு
வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்க்கிறார்.
எதிரே, என்னைப்போலவே
ட்ரிகரை உள்ளங்கையில் தட்டித் தட்டி ஒருவர்.
அதே கம்பெனி. அதே மலிவு.

"எந்தூருங்க?"
"மூலனூருங்க. நீங்க?"
"வெள்ளகோவிலுங்க. ரெண்டு பேரும்
ஏழாம் சானல்ல இருக்கறமாட்ட இருக்குதுங்க."
"அப்படீங்களா! நீங்க ஏழுலயே இருங்க,
நான் மாத்திக்கறனுங்க."
"வேண்டாமுங்க, முன்னால வந்தது நீங்க."
"அட, இருங்கங்கறேன்."
"நீங்க இருங்க."
டீக்கடையில் காசை யார் முந்திக் கொடுப்பது என்கிற மாதிரி
முதுகைத் திருப்பிக்கொண்டு
ரெண்டு பேரும் மாற்றினோம்.
ரெண்டு பேரும் மூன்றுக்கு.

சோதனைக்கு ஒன்று அழுத்தினேன்.
அவருடைய குடை எரிந்தது.

மேலே மேளத்தில் கை வேகமானது.
இரண்டிரண்டு படியாய்த் தாவினேன்,
"பதினொண்ணு! பதினொண்ணுக்குப் போ!"
பூபதி நகத்தால் திருகினான்.
தாலி ஏறியது, வெளிச்சமும் ஏறியது.
மூன்று முடிச்சுக்கு இரண்டு படம்,
ஒன்றில் யாரோ ஓர் அத்தையின் முழங்கை.

ஒரு மாதம் கழித்து, ஆல்பத்துக்குப் பொறுக்கும்போது
சீருக்கும் தாலிக்கும் நடுவே அவன் வந்தான்:
வாய் பிளந்த மொட்டைப் பையன்,
காதுக்கு அரை அங்குலத்தில் தங்கப் பொட்டு,
மடலுக்குள் வெளிச்சம் புகுந்து
செம்பருத்தி இதழாய்ச் சிவந்திருக்கிறது.
கேமரா என்னுடையது. வெளிச்சம் மூலனூருடையது.
ஊரைக் கேட்ட நான்
பேரைக் கேட்கவில்லை.
அழிக்கவும் கை வரவில்லை.

பெண்வீட்டில் காட்டும்போது
அதுவும் கூட ஓடிவிட்டது.
பெண்ணின் அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"இது நம்ம பங்காளி வூட்டுப் பையன்தானொ?"
"மூக்கப் பாருங்க, எங்க சின்னண்ணன் மூக்கு,"
என்றாள் அம்மா.
கால்மணி நேரம் வழக்கு.
நான் காப்பியைக் குடித்தேன்.

முப்பத்தெட்டாம் பக்கம்,
முழுசாப் போடுங்க என்றார்கள்.

போட்டுவிட்டேன்.