மூன்று மணிக்கு எதிரே

சாமியார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது
வெயில் சாயத் தொடங்கியிருந்தது.
கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நட,
வழி தப்பாது என்றான் தமீம்.
வழி தப்பவில்லை. மணல்தான்
ஒவ்வொரு எட்டுக்கும் அரை எட்டைத்
திருப்பி வாங்கிக்கொண்டது.
புதுக்குப்பத்தில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.
அடுத்த குப்பத்தில் வலைச்சிக்கல் எடுத்துக்கொண்டிருந்தவள்
"லைட்டவுசுக்கா? அங்க என்ன இருக்கு?" என்றாள்.
தமீம் என்னைப் பார்த்தான்.
நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

சவுக்குத் தோப்பு முடிகிற இடத்தில்
முதலில் தெரிந்தது கோபுரமில்லை,
காயப்போட்ட ஒரு லுங்கி.
அதற்குப் பின்னால்தான் அந்தப் பழைய சுவர்,
உப்பு தின்று, சுண்ணாம்பு பூசி,
மறுபடி உப்பு தின்றது.

காவலுக்கு இருந்த தனுஷ்கோடி
அனுமதிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.
ராத்திரி தங்கவா, சொந்தச் செலவிலா என்றார்.
பிறகு, மத்திக் குழம்பு போதுமா என்றார்.

படிகள் நூற்று முப்பத்தொன்று என்றேன் நான்.
இல்லை, இருபத்தொன்பது என்றான் தமீம்.
மறுபடி இறங்கி எண்ண
இருவருக்கும் முழங்கால் இல்லை.

இருட்டியதும் விளக்கு தானாக எரிந்தது.
யாரும் தொடவில்லை.
ஒரு வீச்சு. பதினோரு நொடி ஒன்றுமில்லை.
மறுபடி வீச்சு.

சொல்ல மறந்துவிட்டேன்:
சிப்காட்டில் பதினாறு வருடமாக எனக்கு ராத்திரி ஷிப்டு.
மணிக்கொரு தரம் நான்கு கேஜைப் பார்த்து
நோட்டில் எழுதவேண்டும்.
லீவு நாளிலும் இரண்டு மணிக்கு
உடம்பு எழுந்து உட்கார்ந்து எண்ணைத் தேடும்.
செங்கமலம் தலையணையை நகர்த்திக்கொண்டு
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள்.

அங்கேயும் எழுந்தேன், சரியாக இரண்டு.
தமீம் வாய் திறந்து தூங்கினான்.
கீழே தனுஷ்கோடி கொசுவைத் திட்டினார், கெட்ட வார்த்தையில்.
மேல்தளத்துக் கம்பியில் சாய்ந்து நின்றேன்.
வீச்சு வெள்ளாற்று முகத்துவாரத்தைத் தொட்டது,
நங்கூரத்தில் கிடந்த இரண்டு படகைத் தொட்டது,
அப்புறம் தண்ணீர், தண்ணீர்,
ஆளில்லாத அவ்வளவு தண்ணீருக்கும்
அதே அளவு வெளிச்சம்.

எண்ணினேன். பதினொன்று.
பதினொன்று.
பதினொன்று.
சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் முதுகில்
இரண்டு மணி, நார்மல் என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.
கீழே, மூன்று மணி.
அதற்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

தமீம் உலுக்கியபோது விளக்கு அணைந்திருந்தது.
என் கன்னத்தில் கம்பியின் துரு.
"யாரு பாத்துக்கிட்டா?" என்று கேட்டேனாம்.
"எதை?" என்றான்.

கீழே டீ ஆற்றும் சத்தம்.