நடுத்தட்டு

ஐம்பத்து நான்கு டிகிரி என்கிறது திரை.
இயூ டீ ரயில் நிலையத்துக்கு மேலே
இதோ வருகிறேன் என்று சொல்லி
மூன்று நாளாய் நிற்கிறது மழை.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி
உள்ளே கை வைத்தேன்,
தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல்
தொட்டும் தொடாமல்.

மூன்று ஹார்ட் டிஸ்க், ஒன்றின்மேல் ஒன்று.
மேல்தட்டில் போன வருடத்துக் கல்யாணங்கள்.
கீழ்த்தட்டில் காதுகுத்து, அரங்கேற்றம்,
பணம் இன்னும் வராத ஒரு கடைத் திறப்புவிழா.
நடுத்தட்டில்
இரண்டாயிரத்துப் பதினாறு, பதினேழு.
அதுதான் கொதிக்கிறது.

யுகேந்திரனும் ஷர்மிளாவும் அதற்குள் இருக்கிறார்கள்.
மாலை மாற்றும்போது
அவன் மூக்குக் கண்ணாடியில் சரம் சிக்கிக்கொள்ள
அவள் சிரிப்பாள்,
மண்டபத்தில் எவருக்கும் தெரியாமல்
என் லென்சுக்கு மட்டும் அகப்பட்ட சிரிப்பு.
பிரிந்து ஐந்து வருடமாகிறது.
வீட்டை விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டவர்கள்
இந்த நூற்றிருபது ஜிபியில்
பங்கு கேட்கவில்லை.
அழித்துவிடு என்றும் சொல்லவில்லை.
இந்தத் தீவில் அந்தக் கல்யாணத்துக்குச்
சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள
நான் ஒருத்திதான்.

சிம் லிம் ஸ்குவேர், மூன்றாம் மாடி.
பல்லுக்குக் கம்பி போட்ட கடைக்காரப் பெண்
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல்
காற்றாடியை நீட்டினாள். பதினான்கு வெள்ளி.
அம்புக்குறி பார்த்து மாட்டச் சொன்னாள்.
எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

மாட்டிப் பார்த்தால் ஐம்பத்தாறு.

"எனக்குப் போடாத ஏர்கானை
இதுக்குப் போட்டுடாதே"
படுக்கையிலிருந்து நவநீதன்.
நாலு மணிக்கு டிப்போவில் இருக்க வேண்டும் அவர்,
முதல் பேருந்து அவருடையது.

சாமி மாடத்து ஊதுபத்தியில் ஒன்றை உருவிப்
பெட்டிக்குள் புகை காட்டினேன்.
"கம்ப்யூட்டருக்குமா சாம்பிராணி?"
பதில் சொல்லவில்லை, புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முன்னாலிருந்து ஒரு காற்று
பின்னாலிருந்து ஒரு காற்று
இரண்டும் உள்நோக்கி ஊதி
லிஃப்ட் வாசலில் இறங்குகிறவரும் ஏறுகிறவரும்
ஒரே நேரத்தில் கால் வைத்ததுபோல்
நடுத்தட்டின்மேல் முட்டி நின்றன.

பின்காற்றாடியைக் கழற்றித் திருப்பினேன்.
ஒரு திருகு உருண்டு கட்டிலடியில் போய்விட்டது,
மூன்றோடு விட்டேன்.
ஐம்பது.
முகப்பு வலையை உரித்துத் தூசி தட்டினேன்.
புகைமூட்ட மாதத்துச் சாம்பல்,
என் தலைமுடி, பக்கத்து வீட்டுப் பூனையின் முடி,
எல்லாம் சேர்ந்து நெய்த கம்பளித் துண்டு ஒன்று
கையோடு வந்தது.
நாற்பத்தெட்டு.

அப்புறம்தான் கண்ணில் பட்டது:
மேலே ஒரு தட்டு காலி, கீழே ஒன்று காலி.
மூன்றையும் ஒட்டி அடுக்கியது நானேதான்,
கேபிள் அழகாக வரட்டும் என்று.
மேலுள்ளதை ஏற்றினேன்.
கீழுள்ளதை இறக்கினேன்.
ஒரு விரல் நுழையும் வெளி, இருபுறமும்.
காசு கொடுத்து வாங்கியது எதுவும் இல்லை அதில்.
நாற்பத்தொன்று.

படுக்கைக்குப் போனபோது
நவநீதன் சுவரோரம் தள்ளிப் படுத்திருந்தார்,
இந்த மாதம் முழுக்க அப்படித்தான்.
நானும் என் ஓரத்தில் படுத்தேன்.
நின்ற விசிறி தலையைத் திருப்பித் திருப்பி
எங்கள் நடுவே போய்வந்தது.
தூக்கத்தில் அவர் கை நீண்டு
அந்த இடத்தில் உள்ளங்கை மேலாகக் கிடந்தது.
நான் தொடவில்லை. நகரவும் இல்லை.

அவர் கிளம்பிப் போன பிறகு
கதவடியில் மழைவாசம் வந்தது.
நடுத்தட்டைத் திறந்து
அந்த ஒரு சிரிப்பை மட்டும் ஓடவிட்டேன்.
சரம் சிக்குகிறது. கண்ணாடி கோணுகிறது. அவள்
நாற்பத்திரண்டு.

நிறுத்திவிட்டுத்
திருகைத் தேடக் குனிந்தேன்.