நூல் தைத்த பக்கம்

தொலைபேசியை வைத்த நாலாவது நிமிடம்
டப்பா வந்தது.
ஈரத் துணிக்குள் சுண்டுவிரல் நகமளவு சதை,
நாக்கின் ஓரம்.
ஒரு முனையில் கறுப்பு நூலால் ஒரு தையல்:
இது முன்பக்கம்.
மீதி நாக்கு தியேட்டரில்
திறந்த வாய்க்குள் காத்திருக்கிறது.

சீட்டில், பக்கிரிசாமி, ஐம்பத்தொன்று.
தொழில்: தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுதல்.

இரண்டு தரம் படித்தேன்.
படிக்கிற நேரமா அது.

வெளியே சித்திரை, வெண்ணாறு முழுக்க மணல்.
இந்தப் பெட்டிக்குள் மைனஸ் இருபத்திரண்டு.
உலோகத் தட்டில் பசையை ஊற்றினால்
ஓரத்திலிருந்து இட்லிபோல் வெளுத்து வரும்.
நடு வெளுப்பதற்குள் துண்டை நிமிர்த்தி நிறுத்தியாக வேண்டும்,
சாயக் கூடாது.
அதற்கும் முன்னால் நூலை உருவ வேண்டும்,
மறந்தால் பிளேடுக்குப் பல் போகும்.
உருவிவிட்டால் எது முன் எது பின்
எனக்கு மட்டும்தான் தெரியும்.
நூல் இருந்த இடத்தில் ஒரு பொட்டு நீல மை.

அம்மாபேட்ட நீடாமங்கலம் திருவாரூர்
அம்மாபேட்ட நீடாமங்கலம் திருவாரூர்
அஞ்சே முக்கால் வண்டிக்கு ஐந்து வருடமாக
இந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறேன்.
பெயர் இன்றைக்குத்தான் தெரியும்.

முதல் சீவல் நொறுங்கியது. குளிர் அதிகம்.
உறையிட்ட கட்டைவிரலை மேலே வைத்து
ஏழு எண்ணினேன்.
அடுத்தது சுருண்டது, தூரிகை நுனியால் பிரித்தேன்.
கண்ணாடித் துண்டை அருகே கொண்டு போனதும்
தானாகத் தாவி ஒட்டிக்கொண்டது.
ஐந்து மைக்ரான்.

பர்வீன் டாக்டர் லென்ஸிலிருந்து கண்ணெடுக்காமல்
தொலைபேசியில் சொன்னார்:
"பின்பக்கம் இன்னும் இருக்கு சார்.
இன்னொரு மூணு மில்லிமீட்டர்."

என் நீல மையை நம்பித்தான்
அவர் பின்பக்கம் என்றார்.

அடுத்த துண்டுக்குக் காத்திருக்கையில்
வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன்.
அம்மாவுக்கு நாக்கு வேண்டாம், உதடு போதும்.
பேட்டைக்கு வேண்டும்.
நீடாவுக்கு மடக்கித் தூக்க வேண்டும்.
மங்கலம் பாதி தேறும்.
திருவாரூர்
முழுக்க முழுக்க நாக்கு.

இரண்டாவது துண்டு சுத்தம்.
தியேட்டரில் தையல் போட ஆரம்பித்தார்கள்.
தட்டில் மிச்சம் இளகியது,
ஃபார்மலினில் போட்டு எண்ணை எழுதி மூடினேன்.

சாயங்காலம் வண்டி
ஹாரன் மட்டும் அடித்துக்கொண்டு நின்றது.
கைக்குழந்தையோடு ஒரு பெண்
"திருவாரூர் போகுமா?" என்று என்னிடம் கேட்டாள்.
தலையாட்டியிருந்தால் போதும்.
மூன்று ஊரையும் சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாக.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.